நரேன் கார்த்திகேயனும் தகுதிச் சுற்றுக் கணக்கும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் பார்முலா 1 பந்தயத்தைப் பற்றி எழுதுவானேன் என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. 2025 சனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதிலிருந்து, வகுப்பில் பந்தயப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. அவருக்கு முன் தமிழர் எவரேனும் உலக அளவில் கார் ஓட்டியிருக்கின்றனரா என்று மாணவர்கள் கேட்கின்றனர். நரேன் கார்த்திகேயன் என்று விடை சொன்னால், பின்னாலிருந்து ஒரு குரல், பெரும்பாலும் வீட்டில் அப்பாவிடம் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் குரல், "அவர் எப்போதும் கடைசியில்தானே வருவார், சார்!" என்கிறது.

இந்தத் தீர்ப்பைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். காப்பிக் கடையில் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன். புள்ளிவிவரம் அதற்குத் துணைநிற்பதுபோலவே தோன்றும். 46 போட்டிகளில் பங்கேற்றார். மொத்தம் 5 புள்ளிகள் பெற்றார். பல போட்டிகளில் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டார். இவை அனைத்தும் உண்மை. ஆயினும் இந்த உண்மைகளைக் கொண்டு அவருடைய திறமையை அளக்க முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. அளக்க வேறொரு கோல் இருக்கிறது. அந்தக் கோலால் அளந்தால் அவருக்குச் சாதகமாகச் சிலவும் பாதகமாகச் சிலவும் கிடைக்கின்றன. இரண்டையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

முதலில் இந்த விளையாட்டின் இயல்பைச் சற்று விளக்கிவிடுகிறேன். ஓட்டப் பந்தயத்தில் எட்டுப் பேர் ஓடினால் எட்டுப் பேருக்கும் தரை ஒன்றே, கால்கள் அவரவருடையவை. பார்முலா 1இல் அப்படியில்லை. ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைத்துக் கட்டுகிறது. பணமும் பொறியாளர்களும் நிறைந்த அணியின் காருக்கும் ஏழை அணியின் காருக்கும் இடையே ஒரு சுற்றுக்குப் பல நொடி வேறுபாடு இருந்த காலமுண்டு. ஆகவே முடிவுப் பட்டியலின் வரிசை, பெரும்பகுதி, கார்களின் வரிசையே. ஓட்டுநரை அளப்பது எப்படி? ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கார்கள், இரண்டு ஓட்டுநர்கள். ஒரே வகைக் கார், ஒரே எஞ்சின், ஒரே பட்டறை. இந்த இருவரை மட்டுமே ஏறத்தாழ நியாயமாக ஒப்பிட முடியும். அதனால்தான் அணித் தோழரே ஓட்டுநரின் முதல் எதிரி என்று அத்துறையினர் சொல்கின்றனர்.

அந்த ஒப்பீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியைவிடச் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றே ஏற்றது. போட்டியில் முன்னால் செல்பவர் வழிமறிப்பார், டயர் மாற்றுவதில் பணியாளர் தடுமாறுவர், மற்றவர் மோதுவர். தகுதிச் சுற்றில் வெறும் சாலையும் கடிகாரமும்தான். நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கின்றனர். அவ்வளவு நுட்பம் தேவையா என்று கேட்பவர்களுக்கு 1997 அக்டோபரில் ஸ்பெயினின் ஹெரெஸ் ஓடுதளத்தில் நடந்ததைச் சொல்லலாம். ஜாக் வில்நெவ், மைக்கேல் ஷூமாக்கர், ஹைன்ஸ்-ஹரால்ட் பிரென்ட்சன் மூவரும் எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 21.072 நொடி. மூவருக்கும் அதே எண்! முதலில் அந்த நேரத்தைப் பதித்தவர் என்பதால் வில்நெவுக்கு முதலிடம் தந்தனர். அவரும் பிரென்ட்சனும் வில்லியம்ஸ் அணித் தோழர்கள். அணித் தோழர் இடைவெளி சுழியமாக இருந்த நாள் அது.

சிறிய எண்களைக் கண்டு ஏமாறவும் கூடாது. நம் செப்பாங் ஓடுதளத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர். அதை 95 நொடியில் சுற்றுபவர் சராசரியாக நொடிக்கு 58 மீட்டர் கடக்கிறார். அவருடைய தோழர் 0.3 நொடி பின்தங்கினால் ஏறத்தாழ 17 மீட்டர் பின்னால் இருக்கிறார் என்று பொருள். மூன்று கார்களை அந்த இடைவெளியில் நீளவாக்கில் நிறுத்தலாம். (ஐந்தாம் ஆறாம் ஆண்டுக் கணிதத்திற்கு நல்ல கேள்வி. ஆசிரிய நண்பர்கள் எடுத்துக்கொள்ளலாம்.)

ஜொகூர்வாசிகளான எங்களுக்குத் தகுதிச் சுற்றின்மேல் பற்று வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 2014 தொடங்கி 2024 முடிய எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளி நாள். மலேசியப் போட்டியோ ஞாயிறு பிற்பகலில்! கோலாலம்பூர்க்காரர்கள் சாய்வு நாற்காலியில் அமர்ந்து போட்டியைப் பார்த்தபோது, குளுவாங் ஆசிரியர்கள் புறப்பாட நடவடிக்கையில் நின்றுகொண்டிருந்தோம். சனிக்கிழமைத் தகுதிச் சுற்றுதான் எங்களுக்கு முழுதாகக் கிடைத்தது. கட்டாயத்தால் வந்த பழக்கம் பின்னர் விருப்பமாயிற்று. போட்டியைவிடத் தகுதிச் சுற்றையே நான் இன்றும் விரும்பிப் பார்க்கிறேன்.

தொலைக்காட்சியின் இயல்பையும் சொல்ல வேண்டும். படப்பிடிப்புக் கருவி முன்னணிக் கார்களையே பின்தொடரும். கடைசியில் ஓடுபவர் திரையில் தோன்றுவது இரண்டே தருணங்களில்: முன்னணிக் கார் அவரை ஒரு சுற்று முந்த வரும்போது நீலக்கொடி காட்டப்படுகையில், அல்லது அவர் மோதிக்கொள்ளும்போது. ஆகவே நரேனைத் தொலைக்காட்சியில் பார்த்த நம் மக்கள், வழிவிடும் நரேனையும் சுவரில் மோதிய நரேனையும் மட்டுமே பார்த்தனர். மற்ற நேரமெல்லாம் அவர் திரையோரத்தில் நகரும் மூன்று ஆங்கில எழுத்துகள்: கே, ஏ, ஆர். சேர்த்துப் படித்தால் 'கார்'. கார் என்றால் நம் மொழியில் மழைமேகம் அல்லவா? அவர் தகுதிச் சுற்றில் பெற்ற மிகச் சிறந்த இரண்டு இடங்களும் மழை குறுக்கிட்ட நாள்களில் வந்தவை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நரேனுக்கு முன் நம் நாட்டவரின் கதை ஒன்று இருக்கிறது. அணித் தோழர் என்னும் அளவுகோல் எத்துணைக் கடுமையானது என்பதை அதிலிருந்துதான் நான் கற்றேன். கோலாலம்பூரில் பிறந்த அலெக்ஸ் யூங் 2001 செப்டம்பரில் இத்தாலியின் மொன்சாவில் மினார்டி அணிக்காகக் களமிறங்கினார். பார்முலா 1இல் ஓட்டிய முதல் மலேசியர் அவரே. அவ்வாண்டின் கடைசி மூன்று போட்டிகளில் அவருடைய அணித் தோழர் இருபது வயது இளைஞர் ஒருவர். பெயர் பெர்னாண்டோ அலோன்சோ. அடுத்த ஆண்டு அணித் தோழராக வந்தவர் மார்க் வெப்பர். ஒருவர் பின்னாளில் இருமுறை உலக வெற்றியாளர்; மற்றவர் ஒன்பது போட்டிகளில் வென்றவர். அப்போது இவ்விருவரும் யாரென்று பொதுமக்களுக்குத் தெரியாது. "அதே கார்தானே, அந்தப் பையன் முன்னால் போகிறானே!" என்பதுதான் பேச்சு.

அந்நாளில் 107 விழுக்காட்டு விதி நடப்பில் இருந்தது. தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றவரின் நேரத்தில் 107 விழுக்காட்டைத் தாண்டினால் போட்டியில் கலந்துகொள்ள இயலாது. முதல்வர் 90 நொடியில் சுற்றினால் எல்லை 96.3 நொடி. 2002இல் சான் மரினோ, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று போட்டிகளில் யூங் இந்த எல்லைக்குள் வரவில்லை. வெப்பர் அதே வகைக் காரில் வந்தார். அதன்பின் இரண்டு போட்டிகளுக்கு யூங்கின் இடத்தில் வேறொருவரை அணி அமர்த்தியது. ஆனால் அதே ஆண்டு மார்ச் 3ஆம் நாள் மெல்பர்னில், முதல் திருப்பத்திலேயே பல கார்கள் மோதி விலகிய போட்டியில், வெப்பர் ஐந்தாவதாகவும் யூங் ஏழாவதாகவும் வந்தனர். அந்நாளில் முதல் ஆறு பேருக்கே புள்ளி. அடுத்த ஆண்டு முதல் எட்டுப் பேருக்குப் புள்ளி தரத் தொடங்கினர். ஓராண்டு தாமதமாக அந்தப் போட்டி நடந்திருந்தால் யூங்கின் பெயருக்கு எதிரே 2 புள்ளிகள் இருந்திருக்கும். வரலாறு இப்படித்தான் சிலரைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் நிறுத்திவிடுகிறது. யூங் பின்னாளில் தொலைக்காட்சியில் பார்முலா 1 விமர்சகராக அமர்ந்து, மற்றவர்களின் தகுதிச் சுற்றுகளை நமக்கு விளக்கினார்.

இனி நரேன். தமிழகத்தில் கார்ப் பந்தயம் நேற்று முளைத்ததன்று. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தோன்றியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. அதில்தான் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர்த் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கழகம் தனக்கென ஓடுதளம் அமைத்தது. அது 1990இல் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரும் இந்தத் துறையில் பின்தங்கவில்லை. அவ்வூர்க்காரரான கரிவரதன், ஓட்டுநராகவும் கார் கட்டுநராகவும் புகழ் பெற்றவர். மாருதி எஞ்சின் பூட்டிய ஓரிருக்கைப் பந்தயக் கார்கள் இந்திய இளைஞர்களுக்குக் கிடைத்ததில் அவருடைய பங்கு பெரிது. 1995இல் வான்விபத்தொன்றில் இறந்தார். கோவையிலுள்ள கரி ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலிப் போட்டியில் பலமுறை வாகை சூடியவர். 1977 சனவரி 14இல், பொங்கல் திருநாளில் பிறந்த பிள்ளைக்கு ஸ்டியரிங் எட்டாப் பொருளாக இருந்திருக்க முடியாது.

நம் நாட்டு மண்ணுக்கும் அவருக்கும் தொடர்புண்டு. 1995இல் பார்முலா ஆசியா தொடரில் சில போட்டிகளில் மட்டும் ஓட்டினார். அவற்றுள் ஒன்றில், ஷா ஆலாமில், இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆண்டு அத்தொடரின் வெற்றியாளரே ஆனார். அந்த ஷா ஆலாம் ஓடுதளம் இன்று இல்லை. எத்தனையோ மலேசியர்கள் பந்தயம் பார்க்கக் கற்ற இடம் அது.

2001 சூனில் ஜாகுவார் அணியின் காரைச் சில்வர்ஸ்டோனில் சோதித்து ஓட்டினார். பார்முலா 1 காரை ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் கிடைத்தது. நான்காண்டுகள் கழித்து, 2005இல், ஜோர்டன் அணியில் இடம் பிடித்தார். அந்த அணி அப்போதுதான் கைமாறியிருந்தது. டொயோட்டா எஞ்சின் பூட்டிய அதன் கார், களத்திலிருந்த மெதுவான கார்களுள் ஒன்று. அணித் தோழர் போர்ச்சுக்கல் நாட்டவரான தியாகோ மொந்தெய்ரோ. இருவரும் புதியவர்கள். ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல இணை கிடைப்பது அரிது.

மார்ச் 6, 2005, மெல்பர்ன். சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் மழை புகுந்து வரிசையைக் கலைத்துவிட்டது. புறப்பாட்டு வரிசையில் நரேனுக்கு 12ஆம் இடம். அவருக்குப் பின்னால் 13ஆம் இடத்தில் நின்றவர் அலோன்சோ! அவ்வாண்டின் உலக வெற்றியாளர். 14ஆம் இடத்தில் மொந்தெய்ரோ. இதைப் பார்த்து நரேன் அலோன்சோவைவிட வேகமானவர் என்று எவரேனும் சொன்னால் நாம் சிரிப்போம். அப்படியாயின் வேறொரு நாள் அவர் அலோன்சோவுக்குப் பின்னால் பத்து இடங்கள் தள்ளி நின்றதைக் காட்டி அவர் மெதுவானவர் என்று சொல்லும்போதும் சிரிக்கத்தானே வேண்டும்? அந்த வரிசையில் பொருளுள்ள எண்கள் 12ம் 14ம் மட்டுமே. மறுநாள் போட்டியில் நரேன் 15, மொந்தெய்ரோ 16. இரண்டு வாரம் கழித்துச் செப்பாங்கில் நரேன் 11, மொந்தெய்ரோ 12. அந்த ஞாயிற்றுக்கிழமை நம் நாட்டில் எத்தனை வீடுகளில், எத்தனை உணவுக்கடைகளில் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் தமிழர்கள் அமர்ந்திருந்தனர் என்பதை என் வயதினர் அறிவர். பெரும்பாலோர் கவனித்தது அவர் பரிசு மேடை ஏறினாரா என்பதைத்தான். ஏறவில்லை. எழுந்து போய்விட்டனர்.

அக்டோபரில் சுசுகாவிலும் மழை பெய்தது. தகுதிச் சுற்றில் நரேன் 11ஆம் இடம் பெற்றார். மொந்தெய்ரோ அவருக்குப் பின்னால். நான் மேலே சொன்ன இரண்டு கார்கால நாள்கள் இவையே. மழை சிலருக்கு வாய்ப்பளித்துச் சிலரிடமிருந்து பறிப்பது. அதையும் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும்.

இனி மறுபக்கம். நரேனின் 5 புள்ளிகளும் ஒரே நாளில் வந்தவை: 2005 சூன் 19, இண்டியானாபோலிஸ். டயர் பாதுகாப்புச் சிக்கலால் மிஷலின் டயர் பூட்டிய 14 கார்களும் போட்டி தொடங்குமுன்னரே விலகிக்கொள்ள, மிஞ்சிய 6 கார்கள் மட்டும் ஓடின. இரண்டு பெராரி கார்களுக்கு அடுத்து மூன்றாவது மொந்தெய்ரோ, நான்காவது நரேன். விந்தையைப் பாருங்கள். இந்திய வரலாற்றில் பொறிக்கப்பட்ட அந்த 5 புள்ளிகள், அணித் தோழரிடம் அவர் தோற்ற நாளில் கிடைத்தவை. தகுதிச் சுற்றிலும் அன்று மொந்தெய்ரோவே முன்னால் நின்றார். தோழரை அவர் வென்ற மெல்பர்னிலும் செப்பாங்கிலும் கிடைத்தது ஒன்றுமில்லை. மொந்தெய்ரோவின் பெருமை வேறிடத்தில் இருந்தது: அவ்வாண்டின் 19 போட்டிகளில் 18இல் முடிவுக்கோட்டைக் கடந்தார். ஆண்டிறுதியில் அவருக்கு 7 புள்ளிகள், நரேனுக்கு 5. ஒற்றைச் சுற்று வேகத்தில் நரேன் அவருக்குச் சளைத்தவரல்லர் என்றும், காரைச் சேதமின்றி வீடு சேர்ப்பதில் மொந்தெய்ரோ வல்லவர் என்றும் நான் மதிப்பிடுகிறேன். சீனத்தில் நரேனின் கார் சுவரில் மோதிச் சிதறியதைத் தொலைக்காட்சி பலமுறை காட்டியது. சுசுகாவின் 11ஆம் இடத்தை அவ்வாறு காட்டவில்லை.

அடுத்த ஆண்டு அவருக்கு இருக்கை இல்லை. வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநராக இருந்தார். பிறகு ஐந்தாண்டு இடைவெளி.

அந்த இடைவெளியில் 2010இல் மற்றோர் இந்தியர் வந்தார். சென்னைக்காரரான கருண் சந்தோக். அவருடைய தாத்தா இந்து சந்தோக், நான் மேலே குறிப்பிட்ட சென்னைக் கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவர். கருண் ஓட்டியது எச்.ஆர்.டி. என்னும் புத்தம் புதிய ஸ்பானிய அணிக்கு. பஹ்ரைனில் முதல் போட்டி. கார் முழுமையாகத் தயாராகவில்லை. பயிற்சி நேரமெல்லாம் கழிந்தது. அவர் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான்! அணித் தோழர் புரூனோ சென்னாவைவிட ஒன்றரை நொடிக்கு மேல் பின்தங்கினார். பட்டியலில் அந்த இடைவெளி மட்டும்தான் பதிவாயிற்று. அவர் ஒரு சுற்றுகூடப் பயிற்சி செய்யாதவர் என்பது பதிவாகவில்லை. நான் போற்றும் அளவுகோலுக்கும் ஓட்டை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. புதிய உதிரிப்பாகம் முதலில் யாருடைய காரில் பூட்டப்பட்டது, யார் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தார், யாருடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, இவை எவற்றையும் கடிகாரம் அறியாது. அதே கருணுக்கு 2011இல் ஒரே ஒரு போட்டியில் மீண்டும் இடம் தந்தது, நம் நாட்டுத் தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸ் நடத்திய லோட்டஸ் அணி.

இங்கே பெற்றோருக்கு ஒரு சொல். பள்ளிகளை வரிசைப்படுத்தி, தோட்டப் பள்ளிப் பிள்ளையை நகரத்துப் பெரிய பள்ளிப் பிள்ளையோடு ஒப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும் அந்தப் பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. அது காரை அளந்துவிட்டு ஓட்டுநருக்கு மதிப்பெண் போடும் செயல் என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வர். "சரி, அண்ணனும் தம்பியும் ஒரே வீடுதானே, ஒப்பிடலாமல்லவா?" என்று கேட்பவர்களிடம்தான் எனக்கு வழக்கு. ரெங்கம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில், காலையில் தம்பி தங்கையரைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டுப் பேருந்து ஏறும் அக்காமார்களை நான் கண்டிருக்கிறேன். ஒரே வீடு, ஒரே சோறு. பயிற்சி நேரம் மட்டும் ஒன்றல்ல.

2011இல் நரேன் திரும்பி வந்தார், அதே எச்.ஆர்.டி. அணிக்கு. அவ்வாண்டு 107 விழுக்காட்டு விதியும் திரும்பி வந்தது. மெல்பர்னில் அணியின் இரண்டு கார்களுமே எல்லையைத் தாண்டவில்லை. இரண்டும் தவறின என்றால் குறை எதிலிருக்கிறது என்று மாணவனே சொல்லிவிடுவான். அடுத்து வந்த போட்டிகளின் தகுதிச் சுற்றுகளில் அணித் தோழர் லியூசியே பெரும்பாலும் முன்னால் இருந்தார். எட்டுப் போட்டிகளுக்குப் பின், சூலையில், நரேனின் இருக்கை ஆஸ்திரேலிய இளைஞர் டேனியல் ரிக்கியார்டோவுக்குப் போயிற்று. ஆயினும் அக்டோபர் 30இல் தில்லிக்கு அருகே நடந்த முதல் இந்தியப் போட்டிக்கு நரேனை அழைத்தனர். நான்கு மாதம் போட்டியில் ஓட்டாதவர், அந்தக் காரில் ஊறிப்போயிருந்த ரிக்கியார்டோவுக்கு எதிராகத் தகுதிச் சுற்றில் இறங்கினார். இருவரின் நேரத்துக்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; ரிக்கியார்டோ ஒரு மயிரிழை முன்னால். போட்டியில் நரேன் 17, ரிக்கியார்டோ 18. களத்தின் கடைசியில் நடந்ததால் இதைத் தொலைக்காட்சி பொருட்படுத்தவில்லை. நரேனுடைய பார்முலா 1 வாழ்வின் மிகச் சிறந்த சனிக்கிழமை அதுவே என்பது என் கருத்து.

ரிக்கியார்டோ பின்னர் எட்டுப் போட்டிகளில் வென்றார். அவற்றுள் ஒன்று 2016இல் நம் செப்பாங்கில். 2014இல் ரெட்புல் அணியில் சேர்ந்தபோது அவருடைய அணித் தோழர், நான்குமுறை உலக வெற்றியாளரான செபாஸ்டியன் வெட்டல். அவ்வாண்டு ரிக்கியார்டோ மூன்று வெற்றி பெற்றார், வெட்டலுக்கு ஒன்றுமில்லை. இந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் என்ன வரும்? நரேன் ரிக்கியார்டோவுக்குச் சமம். ரிக்கியார்டோ வெட்டலைவிட மேல். ஆகவே நம்மவர் வெட்டலைவிட மேல்! இப்படி வாதிட்ட நண்பர் எனக்கு உண்டு. கேட்கத் தேனாக இருந்தது. ஆனால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சிறு பிழை சேர்கிறது. மூன்றாம் கண்ணியில் பிழைதான் மிஞ்சும். ஒரே ஒரு சனிக்கிழமையை வைத்து ஒரு மனிதரை எடைபோடுவது, ஒரே ஒரு மாதத் தேர்வை வைத்து மாணவனை எடைபோடுவது போன்றதே.

2012 அந்தச் சங்கிலியை அறுத்தும் விட்டது. நாற்பது வயதைத் தாண்டிய பெட்ரோ டெ லா ரோசா அணித் தோழராக வந்தார். (2002இல் மெல்பர்னில் யூங்குக்கு அடுத்து எட்டாவதாக வந்தவர் இவர்தான்.) முழு ஆண்டும் ஒரே இணை, ஒப்பீட்டுக்கு ஏராளமான சனிக்கிழமைகள். பெரும்பாலானவற்றில் டெ லா ரோசாவே முன்னால் நின்றார். நரேனுக்கு எதிரான வலுவான சான்று இதுதான். கடைசி இடங்கள் சான்றல்ல, இது சான்று. மறுப்பதற்கில்லை.

அதே ஆண்டு மார்ச் 25இல் செப்பாங்கில் நடந்ததை மறக்கவும் இயலாது. தகுதிச் சுற்றில் 23, 24 எச்.ஆர்.டி. கார்களுக்கு, நரேன் 24. கடைசி இடம்! வானம் கறுத்திருந்தது. மிதமான ஈரத்துக்கு ஏற்ற டயரோடு பலரும் புறப்பட, நரேனின் கார் கனமழை டயரோடு புறப்பட்டது. மழை கொட்டியது. மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே ஓட, நரேன் ஓடிக்கொண்டே இருந்தார். ஒன்பது சுற்றுக்குப் பின் சிவப்புக்கொடி காட்டிப் போட்டியை நிறுத்தியபோது அவர் பத்தாம் இடத்தில் இருந்தார். கடைசியில் புறப்பட்டவர், புள்ளி பெறும் இடத்தில்! ஏறத்தாழ ஒரு மணி நேரம், எல்லாக் கார்களும் நின்ற நிலையில், திரையின் பட்டியலில் பத்தாவதாக அந்த மூன்று எழுத்துகள் நின்றன. அந்த நேரத்தில் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பியவர்களின் எண்ணிக்கையை இப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி.

போட்டி மீண்டும் தொடங்கியதும் கார் தன் இயல்பான இடத்துக்குத் திரும்பியது. முதலில் ஜென்சன் பட்டன் அவர்மேல் மோதித் தன் முன்சிறகை உடைத்துக்கொண்டார். முடிவு நெருங்குகையில், நான்காம் இடத்தில் வந்த வெட்டல் அவரை ஒரு சுற்று முந்தியபோது இரு கார்களும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்தது; அவர் 11ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அதன்பின் நரேனை வெள்ளரிக்காயோடு ஒப்பிட்டுச் சினந்து பேசினார். நடுவர்கள் நரேனுக்கு 20 நொடி தண்டம் விதித்தனர். உலகச் செய்திகளில் நிலைத்தது வெள்ளரிக்காய்தான். கனமழை டயரைத் தெரிந்தெடுத்த துணிவை எவரும் எழுதவில்லை.

அவ்வாண்டு இறுதியில் எச்.ஆர்.டி. அணியே மூடப்பட்டது. நரேனின் பார்முலா 1 வாழ்வும் அத்துடன் முடிந்தது. செப்பாங்கின் பார்முலா 1 போட்டியும் 2017க்குப் பின் நின்றுபோயிற்று. 1999 முதல் 19 முறை நடந்தது.

நரேன் சப்பானுக்குச் சென்றார். 2014 முதல் 2018 வரை அங்கே சூப்பர் பார்முலா தொடரில் ஓட்டினார். அதில் எல்லா அணிகளுக்கும் ஒரே அடிச்சட்டக் கார். எஞ்சின் மட்டும் இரண்டு நிறுவனங்களுடையது. வண்டியைக் குறைசொல்ல இடமில்லாத அக்களத்திலும் அவர் பரிசு மேடை ஏறினார். பின்னர்க் கூரையுள்ள கார்களுக்கான சூப்பர் ஜிடி. 2019 நவம்பர் 24ஆம் நாள், சப்பானிய அணிகளும் ஜெர்மானிய அணிகளும் பூஜி ஓடுதளத்தில் ஒன்றாக மோதிய சிறப்புப் போட்டியில், ஹோண்டா காரை ஓட்டி முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42.